ஆலங்குடா மணலிலே

கொழும்பிலிருந்து புத்தளம் செல்லும் பெருவழியிலே, நகரை அடைவதற்குச் சில மைல்கள் இருக்கும்போதே பாலாவிச் சந்தி எதிர்ப்படுகின்றது. அங்கிருந்து இடப்புறமாகப் பிரியும் பாதை கற்பிட்டிக் குடாநாட்டினுள் நுழைகின்றது. பஸ்ஸில் வலப்புறத்து ஆசனம் கிடைத்தவர்களுக்குக் களப்பும் உப்பளங்களும் கண்ணுக்கு விருந்து. இடப்புறத்தார் தென்னந்தோட்டங்களைப் பார்த்துக்கொண்டு செல்லவேண்டியதுதான். அவற்றுக்கு அப்பால் பெருங்கடல் இருக்கின்றது என்பதைக் காற்றுத்தான் அறிவிக்குமேயன்றிக் கண் அறியாது. கரம்பை, மாம்புரி என ஊர்கள் ஒவ்வொன்றாகக் கழிகின்றன. காற்றாலைகளின் வெண்ணிறக் கரங்கள் தென்னைகளுக்கு மேலே சுழல்கின்றன. நுரைச்சோலையில் அனல்மின் நிலையத்தின் நெடும் புகைபோக்கி தோன்றுகின்றது. 2011ஆம் ஆண்டிலே முதல் இயந்திரம் இயங்கத் தொடங்கி, இன்று மூன்று இயந்திரங்களுமாக 900 மெகாவாற் மின்சாரத்தைப் பிறப்பிக்கும் ஆற்றல் கொண்ட நிலையம் அது. அதனையும் கடந்து சிறிது தூரம் சென்றால் ஆலங்குடா.

தார்ப்பாதையில் இறங்கியதும் ஊர் தன்னை மணலாக அறிமுகஞ் செய்துகொள்கின்றது. முற்றம் மணல், ஒழுங்கை மணல், பள்ளிவாசலுக்குச் செல்லும் வழி மணல், தோட்டம் மணல். இந்த மணலிலே என்ன விளையும் என்று கேட்போர் இங்குள்ள வெங்காயப் பாத்திகளையும் மிளகாய்ச் செடிகளையும் ஒருமுறை பார்க்கவேண்டும். சில அடிகள் தோண்டினாலே நன்னீர் கிடைக்கின்றது. மழைநீர் மணலினூடே இறங்கி, உப்பு நீருக்கு மேலே பாலாடைபோலப் படிந்து நிற்கின்றது. அளவோடு இறைத்தால் இனிக்கும். பேராசையோடு இறைத்தால் கீழேயுள்ள உப்பு மேலேறிவிடும். பயிருக்கு இடும் உரமும் இதே மணல்வழியாகக் கிணற்றுக்குப் போய்ச் சேர்கின்றது என ஆய்வாளர்கள் பல ஆண்டுகளாக எச்சரித்து வருகின்றனர். அது தனியே எழுதவேண்டிய விடயம்.

நவம்பர் முதல் ஏப்ரல் வரை மேற்குக் கரையின் கடல் அமைதியுறும் காலம். அப்பொழுது விடியற்காலையிலேயே வெளிநாட்டார் இக்கரையில் படகேறி டொல்பின் கூட்டங்களைக் காணச் செல்வர். வடக்கே, 1992இல் சரணாலயமாகப் பிரகடனப்படுத்தப்பட்ட பவளப்பாறைத் தொடரும் உண்டு. இவற்றைப் பற்றி வண்ணப் படங்களுடன் எத்தனையோ கட்டுரைகள் வந்துவிட்டன. அதே அமைதிக் காலத்தில் அதே கடலில் வேறொரு கூட்டமும் இறங்குகின்றது. நாம் எழுதப் புகுந்தது அவர்களுள் ஒருவரைப் பற்றியே.

இக்குடாநாட்டின் இளைஞர் பலர் கடலட்டை பிடிக்கும் சுழியோடிகள். முதுகிலே காற்றுச் சிலிண்டரைக் கட்டிக்கொண்டு அடியிலே இறங்கி, அட்டைகளைப் பொறுக்கிப் பையிலிட்டு மேலே வருவது தொழில். கரையோரத்து அட்டைகள் அருகிவிட்டமையால், ஆண்டுக்காண்டு ஆழம் கூடிக்கொண்டே செல்கின்றது. அவித்து உலர்த்திய அட்டை சிங்கப்பூருக்கும் ஹொங்கொங்குக்கும் போகின்றது. நம் நாட்டில் இதனை உண்பார் இல்லை. ஒரு நல்ல நாளின் வருமானம் தோட்டத்துக் கூலியைப் பன்மடங்கு விஞ்சிவிடும் என்பதனால், பதினெட்டு வயது நிரம்புமுன்னரே சிலிண்டரைத் தூக்குவோரும் உளர்.

ஆழத்திலே நீரின் அழுத்தம் மிகுதி. அங்கே சுவாசிக்கும் காற்றிலுள்ள நைதரசன் வாயு இரத்தத்திலும் தசையிலும் கரைந்துவிடும். மெல்ல மெல்ல மேலேறினால், கரைந்தது நுரையீரல் வழியே வெளியேறிவிடும். ஒரு நாளில் பல சிலிண்டர்களை முடித்துவிட்டு அவசரமாக மேலே வந்தால், சோடாப் போத்தலைத் திறந்ததும் நுரைப்பதுபோல இரத்தத்தில் குமிழிகள் எழுகின்றன. அவை முள்ளந்தண்டு வடத்தைத் தாக்கினால், கரையேறியவன் சில மணித்தியாலத்துக்குள் கால்களை இழக்கின்றான். உடனே அழுத்த அறையில் வைத்துச் சிகிச்சை செய்தால் பலருக்குக் குணமுண்டாகும். ஆயின் அத்தகைய அறை இக்கரையில் இல்லை. திருகோணமலையிலே கடற்படையினரிடம் உண்டு. ஆலங்குடா மேற்குக் கரை, திருகோணமலை கிழக்குக் கரை என்பதை வாசகர்களுக்குச் சொல்லவேண்டியதில்லை.

நாம் சென்ற வீட்டிலே அவ்வாறு கரையேறிய இளைஞர் ஒருவர் இருந்தார். முப்பது வயதுக்கு உட்பட்டவர். பெயரை எழுதவேண்டாம் என்று கேட்டுக்கொண்டார். சீமெந்துக் கல்லால் கட்டிய இரண்டு அறை வீடு. முன்னே கிடுகு வேய்ந்த பத்தி. பத்தியிலே சக்கர நாற்காலி, நாற்காலியிலே அவர், மடியிலே பழுதுபார்த்துக்கொண்டிருந்த ஒரு வலை. நாம் அவருடைய உடல்நலம் பற்றி வினவினோம். அவரோ அன்று காலை எந்த வள்ளத்துக்கு என்ன மீன் பட்டது, எந்த முதலாளி என்ன விலை சொன்னார் என்பவற்றை நமக்கு விவரித்தார். கைத்தொலைபேசி வழியாகக் கரையின் செய்திகள் யாவும் அவரிடம் வந்து சேர்கின்றன. விலை விசாரிக்க இரண்டு பேர் நம் கண்ணெதிரிலேயே வந்து சென்றனர்.

அவருடைய உம்மா தேநீர் கொண்டுவந்து வைத்தார். அறுபதைக் கடந்த மாது. இரவிலே இரண்டு மூன்று மணித்தியாலத்துக்கு ஒருமுறை எழுந்து மகனைப் புரட்டிப் படுக்கவைப்பது, நாலைந்து மணித்தியாலத்துக்கு ஒருமுறை சிறுநீர்க் குழாயைச் சுத்தமாக எடுத்துக் கொடுப்பது, படுக்கைப் புண் தோன்றுகின்றதா என்று நாள்தோறும் முதுகையும் இடுப்பையும் பார்ப்பது, இவையெல்லாம் அவர் பொறுப்பு. உணர்ச்சியற்ற உடம்பிலே புண் வந்தால் வலி தெரியாது. வலி தெரியாததனாலேயே அது எலும்பு வரை செல்லும். அதன் வழியாக நஞ்சேறி உயிரும் போகும். இவ்வளவும் அந்த அம்மையார் வைத்தியசாலையில் நின்று கற்றுக்கொண்டவை. எழுத்து வாசனை அதிகம் இல்லாதவர் எனினும் ஒரு தாதிக்குரிய தேர்ச்சியோடு விளக்கினார்.

விளக்கி முடித்துவிட்டுக் குரலைத் தாழ்த்தி, “நான் மௌத்தாப் போனா இந்தப் புள்ளைக்கு யாரு தம்பி இருக்கா?” என்று கேட்டார்.

தூரத்து உறவினர் ஒருவர் வழி சொல்லியிருக்கின்றாராம். நகரப் பக்கத்திலே ஒரு முதியோர் இல்லம் இருக்கின்றது, இளையவராயினும் சேர்த்துக்கொள்வார்கள், சாப்பாடும் கட்டிலும் கிடைக்கும். உம்மாவுக்கு அது பாதி ஆறுதல், பாதி நெருப்பு. இளைஞர் ஒரு தடவை அங்கே சென்று பார்த்துவிட்டும் வந்திருக்கின்றார். சுத்தமான இடம், நல்ல மனிதர்கள், குறை சொல்வதற்கில்லை என்றார். ஆனால் அங்கே இருப்பவர்கள் யாவரும் தம் வாப்பாவுக்கும் மூத்தவர்கள் என்றும், ஏழு மணிக்கு விளக்கை அணைத்துவிடுகின்றார்கள் என்றும், வள்ளம் கரைக்கு வந்ததா என்று கேட்பதற்கு அங்கே ஒருவரும் இல்லை என்றும் சொன்னார்.

ஏழு மணி விளக்கு என்று அவர் கூறியதும், வெகுதூரத்தில் வெகுகாலத்துக்கு முன் நடந்த ஒன்று நம் நினைவுக்கு வந்தது. இங்கிலாந்திலே ஹாம்ப்ஷயர் பகுதியில் லீ கோர்ட் என்று ஒரு மாளிகை. இரண்டாம் உலகப் போரிலே விமானப்படைத் தளபதியாயிருந்த லெனர்ட் செஷயர் 1948இல் அங்கே நோயாளருக்கான இல்லத்தைத் தொடங்கினார். பின்னர் உலகெங்கும் கிளைத்த செஷயர் இல்லங்களுக்கு அதுவே தாய்வீடு. தசைச் சிதைவு நோயுற்ற போல் ஹன்ட் என்ற இளைஞர் 1956இல் அங்கே சேர்ந்தார். எப்பொழுது படுக்கைக்குச் செல்வது என்பதைத் தாமே தீர்மானிக்கும் உரிமைக்காக அவரும் தோழர்களும் நிர்வாகத்தோடு போராட நேர்ந்தது. படுக்கை நேரம் சிறிய விடயமாகத் தோன்றலாம். வளர்ந்த ஆண்மகன் ஒருவனை மாலையிலேயே படுக்கவைத்துவிட்டால் அவனுடைய நட்பு, படிப்பு, காதல் எல்லாம் அந்த நேரத்தோடு முடிந்துவிடுகின்றன. ஹன்ட் 1970இல் மணம் புரிந்து இல்லத்தை விட்டு வெளியேறினார். 1972இல் ‘கார்டியன்’ பத்திரிகைக்கு அவர் எழுதிய கடிதத்தின் விளைவாக, இத்தகைய பிரிவினையை எதிர்க்கும் ஒன்றியம் ஒன்று தோன்றிற்று. 1979இல், நாற்பத்திரண்டு வயதளவில் அவர் காலமானார்.

அவர் சென்ற பின்னர் லீ கோர்ட்டில் இருந்தவர்கள் செய்த காரியம் இன்னும் சுவையானது. ‘எங்களை இங்கே வைத்திருப்பதற்கு உள்ளூராட்சி மன்றம் இல்லத்துக்குப் பணம் கொடுக்கின்றதல்லவா? அந்தப் பணத்தை எங்களுக்கே தாருங்கள். ஊருக்குள் வீடெடுத்து, வேண்டிய உதவியாளரை நாங்களே நியமித்துக்கொள்கின்றோம்’ என்று கேட்டனர். 1981ஆம் ஆண்டு உடல் ஊனமுற்றோருக்கான சர்வதேச ஆண்டாதலால் தங்கள் முயற்சிக்கு அந்த ஆண்டின் பெயரையே இட்டனர். பேச்சுவார்த்தை சில ஆண்டுகள் நீண்டது. முதலிலே வெளியேறியவர்களுள் ஒருவரான ஜோன் எவன்ஸ் 1983இல் தம் சொந்த வீட்டில் குடிபுகுந்தார்.

வளம் படைத்த நாடுகள் இப்பிரச்சினையை எளிதில் தீர்த்துவிட்டன என்று வாசகர்கள் எண்ணிவிட வேண்டாம். அமெரிக்காவிலே, வைத்தியர்கள் சம்மதித்த பின்னரும் நிலையத்திலேயே வைக்கப்பட்டிருந்த இரண்டு பெண்களின் வழக்கில், காரணமின்றி இவ்வாறு பிரித்துவைப்பது பாரபட்சமே என 1999இல் உயர் நீதிமன்றம் தீர்ப்பளிக்க வேண்டியிருந்தது. அவுஸ்திரேலியாவில் அறுபத்தைந்து வயதுக்கு உட்பட்டோர் ஆயிரக்கணக்கில் முதியோர் விடுதிகளில் வாழ்வதை 2019இல் ஓர் அரச ஆணைக்குழு கடுமையாகக் கண்டித்தது. 2025 பிறக்கும்போது அவ்வாறு ஒருவரும் இருத்தலாகாது என அந்நாட்டு அரசாங்கம் இலக்கு வைத்தது. அந்த இலக்கு முற்றாக நிறைவேறவில்லை.

ஆலங்குடாவாசிகளுக்கு இவ்விடயத்தைப் புரியவைப்பதற்கு இங்கிலாந்தும் அமெரிக்காவும் வேண்டியதில்லை. ‘சில நாட்களுக்கு’ என்று சொல்லி ஓரிடத்தில் வைக்கப்படுவது எப்படி முடியும் என்பதை இக்குடாநாடு அனுபவித்து அறிந்திருக்கின்றது. 1990 ஒக்டோபர் இறுதியில் விடுதலைப் புலிகள் வடமாகாணத்து முஸ்லிம்களை வெளியேற்றினர். யாழ்ப்பாணத்தில் இரண்டு மணி நேர அவகாசமே கொடுக்கப்பட்டது. ஏறத்தாழ 75,000 பேர் இடம்பெயர்ந்தனர். மன்னார்த் தீவிலிருந்து படகுகளில் வந்தோர் கற்பிட்டிக் கரையில் இறங்கினர். இங்குள்ளோர் பள்ளிவாசல்களையும் பாடசாலைகளையும் திறந்துவிட்டுச் சோறு ஆக்கிப் போட்டனர். பின்னர் தென்னந்தோட்டங்களிலே கிடுகுக் கொட்டில்கள் எழுந்தன. ஆலங்குடாவிலும் முகாம்கள் அமைந்தன. நிவாரண அட்டையிலே பெயர் ஏறிற்று. இன்ன நாளில் அரிசி, இன்ன நாளில் மா, இன்ன கந்தோரில் கையொப்பம் என்று வாழ்க்கைக்கு ஓர் அட்டவணை வந்தது. அந்த அட்டவணை சில வாரங்களில் முடியவில்லை. இருபது ஆண்டுகளளவு நீடித்தது.

கொட்டிலிலிருந்து வீட்டுக்கு மாறிய கதையும் கவனிக்கத்தக்கது. பலர் சிறுகச் சிறுகச் சேர்த்த பணத்தில் சில பேர்ச்சஸ் நிலத்தை வாங்கிக்கொண்டனர். 2007ஆம் ஆண்டளவில் உலக வங்கியின் உதவியோடு புத்தளத்தில் வீடமைப்புத் திட்டம் தொடங்கிற்று. தம் நிலத்திலே தாமே நின்று கட்டுவிப்போருக்குப் பணம் கட்டங் கட்டமாக வழங்கப்பட்டது. கட்டித் தந்த வீட்டுக்கும் கட்டிக்கொண்ட வீட்டுக்கும் உள்ள வேறுபாட்டை இங்கே சிறுபிள்ளையும் சொல்லும். இரண்டாவதில் சமையலறை எந்தப் பக்கம் என்பதை வீட்டுக்காரி தீர்மானித்திருப்பாள்.

நம் இளைஞரின் வீடும் அத்தகையதே. அவர் முகாமிலே பிறந்த பிள்ளை. மீண்டும் ஒரு கட்டிலும் ஓர் அட்டவணையும் உள்ள இடத்துக்குச் செல்ல அவர் மனம் இசையாமையை நாம் வியப்பாகக் கொள்ளவில்லை.

ஆனால் மனம் இசையாமை ஒன்றே போதுமா? உம்மாவின் கேள்வி அப்படியே நிற்கின்றதே.

ஆலங்குடாக் கரையில் நின்று மேற்கு நோக்கினால் மன்னார் வளைகுடா. அதனைக் கடந்தால் தூத்துக்குடி. அதற்கும் மேற்கே, மலையடிவாரத்திலே, தென்காசிக்கு அண்மையில் ஆய்க்குடி என்றோர் ஊர். அவ்வூரவரான திரு. இராமகிருஷ்ணன் பொறியியல் கல்லூரி மாணவராயிருந்த காலத்தில், 1975இல், கடற்படை அதிகாரிகளுக்கான தேர்வுப் பயிற்சியிலே விழுந்து கழுத்துக்குக் கீழே இயக்கம் இழந்தார். பட்டணத்து நிலையம் எதிலும் அடைந்து கிடக்காமல் தம் ஊருக்கே திரும்பி, 1981இல் ஒரு சிலரான குழந்தைகளுடன் அமர் சேவா சங்கத்தைத் தொடங்கினார். தமக்குச் சிகிச்சை செய்த வைத்தியர் அமர்ஜித் சிங் சாஹலின் பெயரே சங்கத்தின் பெயர். தசைச் சிதைவு நோயுடைய கணக்காளரான திரு. சங்கரராமன் 1992இல் அவருடன் சேர்ந்தார். முள்ளந்தண்டு பாதிப்புற்றோர் அங்கே வந்து, நாற்காலியில் ஏறவும் இறங்கவும் புண் வராமற் காக்கவும் பயின்றுகொண்டு வீடு திரும்புகின்றனர். சங்கத்தின் பணியாளர் கிராமங்களுக்கே சென்று குழந்தைகளுக்குப் பயிற்சி கொடுக்கின்றனர். இராமகிருஷ்ணனுக்கு 2020இல் பத்மஸ்ரீ விருது அறிவிக்கப்பட்டது. அங்கே நிலையம் உண்டு. ஆயின் அது தங்கிவிடும் இடமாக இல்லாமல் கடந்து செல்லும் இடமாக இருக்கின்றது.

சென்னையிலே பானியன் என்ற தொண்டு நிறுவனம் உள்ளது. வந்தனா கோபிகுமார், வைஷ்ணவி ஜெயக்குமார் என்ற இருவர் 1993இல் தொடங்கியது. தெருவிலே திரிந்த மனநோயுற்ற பெண்களுக்கு அடைக்கலம் கொடுத்துவந்தது. குணமடைந்தும் போக வீடில்லாமல் பலர் ஆண்டுக்கணக்கில் அங்கேயே இருக்கக் கண்டு, 2015இல் ஒரு மாற்று வழியை ஆரம்பித்தனர். நான்கைந்து பேர் சேர்ந்து ஊருக்குள் ஒரு சாதாரண வீட்டை வாடகைக்கு எடுத்து வாழ்வர். உதவியாளர் துணை நிற்பார். கடைக்குச் செல்வது, சமைப்பது, பக்கத்து வீட்டுக் கலியாணத்துக்குப் போவது எல்லாம் அவர்கள் பாடு. மனநோய்க்கும் முள்ளந்தண்டு ஊனத்துக்கும் வேறுபாடு பெரிதுதான். எனினும் உம்மாவின் கேள்விக்கு இங்கே ஒரு விடை தென்படுகின்றது. தாயும் இல்லை, நிலையமும் இல்லை. ஊருக்குள் வீடு, கூலி பெறும் ஓர் உதவியாளர்.

நம் நாட்டிலும் இதற்கு வித்து இல்லாமற் போகவில்லை. உலக சுகாதார தாபனம் ஊரோடு சேர்ந்த புனர்வாழ்வு என்ற முறையை உலகுக்கு அளித்தபொழுது, அதற்கான கைந்நூலை ஆக்கியவர்களுள் ஒருவர் நம் நாட்டுப் பெண்மணியான இயன்முறை மருத்துவ நிபுணர் பத்மனி மென்டிஸ். நூல் 1989இல் வெளிவந்தது. வீட்டாரும் அயலாரும் தாமே படித்துப் பயிற்றுவிக்கத்தக்க எளிய நடை, படங்கள். அந்த முறையை அரசாங்கமும் தன் சமூக சேவைத் திட்டங்களுள் ஏற்றுக்கொண்டது. 1996இல் உரிமைகளைப் பாதுகாக்கும் சட்டம் வந்தது. பொதுக் கட்டடங்களில் தடையின்றிச் செல்லும் வசதி வேண்டும் என்ற ஒழுங்குவிதிகள் 2006இல் வந்தன. அவை ஏட்டளவில் நின்றபோது, 1992இல் வீதியோர மரம் கார்மீது விழுந்து இயக்கம் இழந்தவரான கலாநிதி அஜித் சி. எஸ். பெரேரா உயர் நீதிமன்றம் சென்று, 2011இல் அவற்றை நடைமுறைப்படுத்தும் கட்டளையைப் பெற்றார். சமூகத்தில் வாழும் உரிமையைத் தன் பத்தொன்பதாம் உறுப்புரையில் கூறும் ஐக்கிய நாடுகள் சமவாயத்தை 2016இல் இலங்கை உறுதிப்படுத்திற்று. 2012ஆம் ஆண்டுக் குடிசனக் கணக்கெடுப்பின்படி, ஐந்து வயதுக்கு மேற்பட்டோருள் நூற்றுக்கு 8.7 பேர் ஏதேனும் ஓர் இயலாமை உடையவர்கள்.

சட்டங்களை எண்ணிக்கொண்டே நாம் அந்த வீட்டைச் சுற்றிப் பார்த்தோம். வாசற்படி ஒன்று இருந்த இடத்திலே சீமெந்துச் சரிவு. அதனை அமைத்தவர் அயலிலுள்ள மேசன், கூலி வாங்கவில்லையாம். கதவு முன்பு ஒடுக்கம். நாற்காலி நுழையவேண்டி அரையடி அகலப்படுத்தியிருக்கின்றார்கள். மலசலகூடந்தான் இக்கரையூர்களின் பெருந்தொல்லை. நிலத்தடி நீர் மிக அருகில் இருப்பதனால் குழியை உயர்த்திக் கட்டுகின்றார்கள். உயர்த்தினால் படி வருகின்றது. படி வந்தால் நாற்காலி நின்றுவிடுகின்றது. படிகளை இடித்து, பன்னிரண்டு அடி நீளச் சரிவு அமைத்து, இருந்து கழிக்கும் ஆசனமும் பொருத்திய பின்னரே வைத்தியசாலையிலிருந்து அவரைக் கூட்டி வந்தார்களாம். அதற்காக அவர் கட்டிலிலே கூடுதலாக மூன்று மாதங்கள் காத்திருந்தார். ஒரு சரிவுப் பாதைக்காக மூன்று மாதம்! நாட்டின் முதன்மையான புனர்வாழ்வு வைத்தியசாலை ராகமையில் இருக்கின்றது. அங்கே எவ்வளவு திறமையாகப் பயிற்றினாலும், புத்தளத்து வீட்டுப் படியை அங்கிருந்து எவர் இடிக்க முடியும்?

பள்ளிவாசலிலே வுளூச் செய்யும் குழாயருகே ஒரு பக்கத்தை மட்டமாக்கி, உள்ளே செல்லப் பலகைச் சரிவு வைத்திருக்கின்றனர். வெள்ளிக்கிழமைகளில் இரண்டு வாலிபர் வந்து அவரைத் தூக்கிச் செல்வது வழக்கம். தூக்கிச் செல்வதுதான் அவருக்குப் பிடிக்கவில்லை. மற்றவர்கள் நடந்து செல்லும் வழியிலே தாம் மட்டும் பொருளைப்போல எடுத்துச் செல்லப்படுவதாகச் சொன்னார். குற்றம் தூக்குவோரிடத்தில் இல்லை, மணலிடத்தில் இருக்கின்றது. சக்கர நாற்காலியின் முன்சக்கரங்கள் சிறியவை. மணலில் இறங்கியதும் உழுபடைபோலப் புதைந்துவிடும். வழவழப்பான வைத்தியசாலைத் தரைக்கென ஆக்கிய வண்டி, வெங்காயத் தோட்டத்து ஒழுங்கைக்கு எங்ஙனம் பொருந்தும்? பெரிய சக்கரமும் கைமிதியும் உள்ள முச்சக்கர வண்டி ஓரளவு ஓடும். ஆனால் அதற்கும் அடியிலே ஏதேனும் இறுகிய தளம் வேண்டும்.

உதவியாளரின் கூலிக்கு எங்கே போவது என்பதே கடைசியில் எஞ்சும் கேள்வி. இதனைப் பள்ளிவாசல் நிர்வாகத்தைச் சேர்ந்த பெரியவர் ஒருவருடன் கரையிலே நடந்துகொண்டே பேசினோம். நம் நாட்டிலே பிறந்தநாளுக்கும் இறந்தநாளுக்கும் இல்லங்களுக்கு ஒருநேரச் சாப்பாடு கொடுப்பது எல்லாச் சமயத்தாரிடமும் உள்ள நல்ல வழக்கம். அதனால் இல்லத்தில் இருப்பவனுக்குச் சோறு கிடைக்கின்றது. வீட்டில் இருப்பவனுக்கு அனுதாபம் கிடைக்கின்றது. அரசாங்கம் கொடுக்கும் மாதாந்த உதவிப் பணம் மருந்துக்கும் குழாய்க்கும் பஞ்சுக்குமே காணாது. வீட்டில் வைத்துப் பார்ப்பதுதான் மலிவு என்று கணக்குச் சொல்வோர் தாயின் உழைப்பைக் கணக்கிலே எழுதுவதில்லை. எழுதிப் பார்த்தால் எத்தனை இரவு, எத்தனை தடவை! லீ கோர்ட்டுக்காரர் கேட்டதும் அதுவே. இல்லத்துக்குச் செல்லும் பணம் மனிதனைத் தொடர்ந்து அவன் வீட்டுக்கு வரட்டும் என்றனர்.

பெரியவர் சிறிது நேரம் பேசாமல் வந்தார். ஊரிலே இவரைப்போல இன்னும் சிலர் இருக்கின்றனர் என்றும், சக்காத் நிதியிலிருந்து ஒருவருக்குக் கூலி கொடுத்து, காலையில் ஒரு வீடு, மாலையில் ஒரு வீடு என்று அனுப்பலாமா என நிர்வாகத்தில் பேச்சு எழுந்தது என்றும், ஆண்பிள்ளையைக் கழுவித் துடைக்க ஆண் வேண்டும், அப்படிப் பழகிய ஆள் கிடைக்கவில்லை என்றும் சொன்னார். பழக்குவதற்கு உம்மா இருக்கின்றாரே என்றோம். அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அந்த மாதிடம் பயிலப் போனால் வாலிபர் இரண்டு நாளில் ஓடிவிடுவார்கள், அவ்வளவு கண்டிப்பு என்றார். எனினும் மருமகன் முறையான ஒருவரை அனுப்பிப் பார்க்கலாம் என்று தாமே ஒரு பெயரைச் சொன்னார். கடற்றொழில் இல்லாத தென்மேற்குப் பருவக்காற்றுக் காலத்தில் அவர் சும்மாதான் இருப்பாராம்.

நாம் திரும்பி வந்து இச்செய்தியைச் சொன்னபொழுது இளைஞர் உடனே மகிழ்ந்துவிடவில்லை. அந்த மருமகன் தமக்குச் சரிப்படுவாரா என்பதைத் தாமே பேசித் தீர்மானிக்கவேண்டும் என்றார். அவர் கைத்தொலைபேசியை எடுத்து அந்த ஆளின் இலக்கத்தைத் தேடலானார். உம்மா, கூலி எவ்வளவு கொடுப்பார்களாம் என்று உள்ளிருந்தே கேட்டார்.

வீட்டு வாசலிலிருந்து தார்ப்பாதை வரையுள்ள ஒழுங்கையை நாம் காலடியால் அளந்தோம். நூற்றிருபது அடிகள். அகலம் நான்கடி வைத்து, கிறவல் கொட்டி இறுக்கினால் இரண்டு லோட் போதும் என்று, சரிவு அமைத்த அதே மேசன் கணக்குச் சொன்னார். மாரி மழை ஓய்ந்ததும் கொட்டலாம். அதற்கு முன் கொட்டினால் வெள்ளம் அள்ளிக்கொண்டு போய்விடும் என்றார். கற்பிட்டியிலிருந்து வந்த புத்தளம் பஸ் அந்நேரம் ஒலியெழுப்பியது.